விபத்துக்குப் பின் உறவு முறியலாமா?



நோயினால் வரும் மரணம் பெரும்பாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டே உள்ளே நுழைகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் கணக்குகள் பேசப்படுகின்றன. பொருத்தம் கேட்கவும் கொடுக்கவும் அவகாசம் கிடைக்கிறது. விபத்தில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. காலையில் தேநீர் குடித்துவிட்டு, "போயிட்டு வாறேன் உம்மா" என்று படியிறங்கிய பிள்ளையைப் பற்றி நண்பகலில் வேறு செய்தி வருகிறது. அந்தச் செய்தி ஒரு வீட்டை மட்டும் தாக்குவதில்லை. வண்டியை ஓட்டியவர் வீடு, உடன் சென்றவர் வீடு, வண்டியை இரவல் கொடுத்தவர் வீடு, பார்த்தும் நிற்காமல் போனவர் வீடு என்று ஒரு தெருவையே பிளந்துவிடுகிறது.

முறிந்த எலும்பைக் கூட்டிவைக்க ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முறிந்த உறவைக் கூட்டிவைப்பவர் யார்? இந்த மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையில், குமரி முனைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் இருப்பது நம் கொட்டாரம். சூரியோதயம் காணச் செல்லும் வேன்கள் விடியலுக்கு முன்பே இவ்வழியே விரைகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை யாத்திரை முடித்துக் கன்னியாகுமரிக்கு வரும் பேருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன. அதே சாலையில்தான் நம் பிள்ளைகள் இருசக்கர வண்டியில் கல்லூரிக்கும் கடைக்கும் வேலைக்கும் போய்வருகிறார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். அவை 64,105, இறந்தோர் 17,884 பேர். இருசக்கர வண்டியில் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் பெரும்பாலும் யார்? அண்ணன் தம்பி, கணவன் மனைவி, மச்சான் மைத்துனன், நண்பன். ஆகவே பல விபத்துகளில் ஓட்டியவர் அந்நியராக இருப்பதில்லை. சோகம் தாக்கிய வீட்டுக்கு மிகவும் வேண்டியவராகவே இருக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் பகுதியில் நடந்த ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நடந்ததை, ஆட்களை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன். இளைஞர் இருவர். ஒருவர் என்னிடம் மதரஸாவில் ஓதிய பிள்ளை. மற்றவர் அடுத்த தெருவில் உள்ள ஓர் இந்துக் குடும்பத்தின் ஒரே மகன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். இவன் அந்த வீட்டுத் தாயை 'அம்மா' என்பான். அவன் இந்த வீட்டுத் தாயை 'உம்மா' என்பான். பெருநாள் பிரியாணி அங்கே போகும்; பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும் இங்கே வரும்.

ஒருநாள் அதிகாலையில் இருவரும் வேலைக்குப் புறப்பட்டார்கள். வண்டி நம் பிள்ளையின் வாப்பா பெயரில் இருந்தது. ஓட்டியவன் நம் பிள்ளை. எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, வளைவில் கிடந்த மணலில் சக்கரம் சறுக்கியது. ஓட்டியவனுக்குக் கால் முறிந்தது. பின்னால் இருந்தவன் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, மறுநாள் இறந்துபோனான்.

அதன்பின் நடந்தவை மூன்று. முதலாவது, ஓட்டியவனின் வாப்பா சாவு வீட்டுக்குப் போகவில்லை. "இப்போது போனால் அடிதான் விழும், ஆத்திரம் தணியட்டும்" என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். தந்தை வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்கவில்லை. அவர் வராதது மட்டும் அங்கே தெரிந்தது. துக்க வீட்டில் வந்தவரை எண்ணுவதில்லை, வராதவரைத்தான் எண்ணுவார்கள்.

இரண்டாவது, மூன்றாம் நாள் ஒருவர் வந்து ஓர் யோசனை சொன்னார். "இறந்தவன்தான் ஓட்டினான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு வழக்கு இராது. இறந்தவன் வந்து மறுக்கவா போகிறான்?" அந்த வீட்டார் அதை ஏற்கவில்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சு நடந்தது என்ற செய்தி மாலைக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, பிள்ளையின் மேல் பழியையும் போடப் பார்த்தார்கள் என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? அந்த மரணத்தை விட இந்தப் பேச்சே இரு வீட்டையும் அதிகமாகப் பிரித்தது.

மூன்றாவது, சில மாதங்களில் நாகர்கோவில் நீதிமன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இறந்தவனின் பெற்றோர் மனுதாரர்கள். ஓட்டியவனின் வாப்பா முதல் எதிர்மனுதாரர். "நம் வீட்டு உப்பைத் தின்றவர்கள் நம்மையே கோர்ட்டுக்கு இழுத்துவிட்டார்களே! பிள்ளையின் உயிருக்கு விலை பேசுகிறார்களே!" என்று இந்த வீட்டில் கொதிப்பு எழுந்தது. அதுவரை துக்கமாக இருந்தது பகையாயிற்று.

அறியாமை வளர்க்கும் பகை

வாசகர்களே, இந்த மூன்றையும் நிதானமாக எண்ணிப் பாருங்கள். இவற்றில் உண்மையான பகை எங்கே இருந்தது? அச்சமும் அறியாமையும் சேர்ந்து பகையின் வேடம் போட்டன, அவ்வளவே.

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் காவல் துறை வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவிப்போர்க்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கூறுகிறது. முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு ஆண்டு வரையாக இருந்தது. இரு தரப்பாரும் சமரசம் செய்து முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. அதாவது, பிள்ளையை இழந்தவர்கள் மனமார மன்னித்தாலும் வழக்கு தன் வழியில் நடக்கும். இதை அறியாதவர்கள், "அவர்கள் நினைத்தால் கேஸை நிறுத்தலாமே, வேண்டுமென்றே நடத்துகிறார்கள்" என்று ஆண்டுக்கணக்கில் மனம் புழுங்குகிறார்கள்.

இழப்பீட்டு மனுவும் அவ்வாறே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும்போது வண்டியின் உரிமையாளரை எதிர்மனுதாரராகக் காட்டுகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் அவர் சார்பில்தான் பொறுப்பேற்கிறது; அவரை விட்டுவிட்டு நிறுவனத்திடம் மட்டும் கேட்பது வழக்கமில்லை. எனவே அறிவிப்பில் நம் பெயர் வந்ததைக் கொண்டு, "நம்மை எதிரியாக்கிவிட்டார்கள்" என்று முடிவு கட்டுவது பெருந்தவறு.

"நாற்பது நாள் கழிவதற்குள் வக்கீல் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்" என்ற ஏளனமும் நம்மிடையே உண்டு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. 2022 ஏப்ரலில் அது நடப்புக்கு வந்தது. அந்தக் காலவரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி இருப்பினும், காலம் தாழ்த்துவது இழந்தவர்களுக்கே ஆபத்து. உழைத்துப் போட்ட ஒரே மகனை இழந்த பெற்றோர் தங்களுக்கு உரியதை உரிய காலத்தில் கேட்பது பேராசையாகுமா?

பின்னிருக்கையும் காப்பீடும்

நம் வீடுகள் அவசியம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதை மட்டும் எடுத்துள்ள இருசக்கர வண்டியில் பின்னால் ஏறிச் செல்பவர் அந்த 'மூன்றாம் நப'ருள் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2008-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. சாலையோரம் நடந்து சென்ற அந்நியர் மேல் வண்டி மோதினால் நிறுவனம் பொறுப்பேற்கும். நம்மை நம்பிப் பின்னால் ஏறிய நண்பன் இறந்தால் அந்தத் தொகை உரிமையாளரின் தலையிலேயே விழும். முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் அது பொருந்தும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் நிறுவனங்களுக்குத் தெளிவுபடுத்தியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டுக் காலம் முழுமைக் காப்பீடு கட்டாயம் என ஆணையிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதால் அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. எனவே பொறுப்பு வண்டி வாங்குபவரிடமே நிற்கிறது.

நான் சொன்ன வீட்டு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தது. சில நூறு ரூபாயோ, அதற்கு மேலோ மிச்சம் என்று கருதியதன் விளைவு, இரு குடும்பங்களின் நட்பு நீதிமன்றக் கூண்டில் ஏறியது.

காப்பீட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் அறியாதவனல்லன். ஆயினும் நம் கையால் பிறருக்கு நேரும் இழப்புக்கு ஈடுசெய்ய நாம் கடமைப்பட்டவர்கள் என்பதில் வேறுபாடு ஏது?

சுமையைப் பங்கிடும் மார்க்கம்

தவறுதலாக நேரும் கொலையைப் பற்றித் திருமறையின் நான்காம் அத்தியாயம், சூரத்துந் நிஸாவின் 92-ஆம் வசனம் பேசுகிறது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு 'தியத்' என்னும் ஈட்டுத்தொகையை ஒப்படைக்க வேண்டும். ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். குடும்பத்தார் விரும்பித் தர்மமாக விட்டுக்கொடுப்பதற்கும் அங்கே இடம் இருக்கிறது. அதே வசனம், நம்மோடு உடன்படிக்கை உள்ள சமூகத்தாரின் உயிருக்கும் ஈட்டுத்தொகையையும் பரிகாரத்தையும் விதிக்கிறது. முஸ்லிம் அல்லாதாரையே அது குறிக்கும் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அடுத்த தெருத் தாயின் கண்ணீரும் நம் தெருத் தாயின் கண்ணீரும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதை இங்கே காணுங்கள். ஒரு குறிப்பிட்ட விபத்தில் ஓட்டியவர்மீது பரிகாரம் கடமையா என்பது அவரிடம் கவனக்குறைவு இருந்ததா என்பதைப் பொறுத்தது. அதை ஊர் ஆலிமிடம் கேட்டறிக.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகையைத் தவறு செய்தவர் ஒருவரே சுமக்க வேண்டுமென்று மார்க்கம் விட்டுவிடவில்லை. ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டபோது ஒருத்தி எறிந்த கல் மற்றவளையும் அவள் வயிற்றிலிருந்த சிசுவையும் கொன்றுவிட்டது. அப்போது நபி (ஸல்) அவர்கள், கொல்லப்பட்டவளின் ஈட்டுத்தொகையைக் கல்லெறிந்தவளின் 'ஆகிலா'வின் மீது, அதாவது அவளுடைய தந்தைவழி உறவினர் மீது விதித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது. இதனடிப்படையில் சட்ட மேதைகள், தவறுதலாக நேர்ந்த மரணத்தின் ஈட்டுத்தொகையை உறவினர் பங்கிட்டு மூன்று ஆண்டுகளில் செலுத்தலாம் என்று வகுத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், ஒரே படைப்பதிவேட்டில் இடம்பெற்றவர்களும் ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கப்பட்டார்கள். உறவு என்னும் வட்டம், கூடிப் பணிபுரிபவர்கள் வரை விரிந்தது.

இதன் நுட்பத்தைச் சிந்தியுங்கள். முழுச் சுமையும் ஒருவன் தலையில் விழுமானால் அவன் ஓடுவான், ஒளிவான், பொய் சொல்வான். நால்வர் தோள் கொடுத்தால் அவனுக்கு உண்மை பேசும் துணிவு வரும். இழந்தவர்களுக்கும் ஒரு தனி மனிதனின் கையாலாகாத்தனத்தோடு மல்லுக்கட்டும் நிலை வராது.

இந்தப் பண்பு முற்றாக மறைந்துவிடவில்லை. கோழிக்கோட்டைச் சேர்ந்த அப்துல் ரஹீம் 2006-இல் ஓட்டுநராக ரியாதுக்குச் சென்றார். கருவியின் துணையால் உயிர் வாழ்ந்த, உடல் செயலிழந்த சிறுவன் ஒருவன் அவர் பொறுப்பில் இருந்தபோது இறந்தான். கை தவறிப் பட்டுவிட்டது என்பது அவர் கூற்று. நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பல ஆண்டுகள் கழித்து, 1 கோடியே 50 லட்சம் ரியால் பெற்றுக்கொண்டு மன்னிக்கச் சிறுவனின் குடும்பத்தார் இசைந்தார்கள். நம் நாணயத்தில் அது ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அவரை ஒருநாளும் கண்டறியாத கேரள மக்கள், மத வேறுபாடின்றி, உலகெங்கும் இருந்து 2024 ஏப்ரலில் அந்தத் தொகையைத் திரட்டி முடித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் மரண தண்டனை நீக்கப்பட்டது. கடல் கடந்த ஒருவருக்கு அத்தனை பேர் ஆகிலாவாக முடிந்தபோது, ஒரே தெருவில் வாழும் நம்மால் முடியாதா?

நம் பகுதியில் அது ஓரளவு நடந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பிள்ளை, விசாரிக்க வந்த காவலரிடம், "நான்தான் ஓட்டினேன்" என்று வாக்குமூலம் கொடுத்தான். அவன் சாச்சாமார் இருவர், ஒரு மாமா, ஜமாஅத்தில் சிலர் ஆகியோர் தம்மால் இயன்றதை ஒதுக்கினார்கள். அந்த வாப்பா, காலம் கடந்தாவது, பேச்சுக்கு ஆள் அனுப்பாமல் தாமே மனைவியோடு அந்த வாசலுக்குச் சென்று நின்றார். அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் காலு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இழப்பீட்டு மனு பின்னர் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பு ஒப்புதலோடு முடிந்தது. தொகை தவணைகளில் செலுத்தப்பட்டது. பழைய நெருக்கம் திரும்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெருநாள் பிரியாணி இப்போது அங்கே போவதில்லை. ஆனால் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. பிள்ளையைப் புதைத்த மனத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

நம் கடமைகள்

இறைவன் காப்பானாக! நம்மில் யாருக்கேனும் இத்தகைய சோதனை நேருமானால் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உயிர். உடனே 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும் என்று அஞ்சி விலகாதீர்கள். உதவியவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் செலவில் வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. "கண்டும் காணாமல் போனானே" என்ற குறை ஒரு தலைமுறைக்கு மறவாது.

ஓட்டியவரின் வீட்டார் ஒளியாதீர்கள். முதல் நாளே துக்க வீட்டின் வாசலுக்குச் செல்லுங்கள். அடி விழும் என்று அஞ்சினால் அவ்வீட்டார் மதிக்கும் இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "மணல் கிடந்தது, எதிரே வெளிச்சம் அடித்தது" என்பதை அங்கே பேசாதீர்கள். அவர்களோடு இருந்து அழுவதே போதும்.

பொய்யுரை கூடவே கூடாது. ஓட்டியவரின் பெயரை மாற்றுவதும், லைசென்ஸ் உள்ள வேறொருவரை முன்னிறுத்துவதும் பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களின் வரிசையில் வைத்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இழந்தவர்களின் உரிமையைத் தடுக்காதீர்கள். வண்டியின் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள் இவற்றின் நகலை அவர்கள் கேட்கும் முன்பே கொடுங்கள். இதைவிடச் சிறந்த நட்பு அந்நேரத்தில் வேறில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இழந்த வீட்டாருக்கும் ஒரு சொல். ஓட்டிய பிள்ளை உங்கள் பிள்ளையை வெறுத்துக் கொன்றவன் அல்லன். அவனும் ஒவ்வோர் இரவும் அந்த வளைவிலேயே நின்றுகொண்டிருக்கிறான். உரிமையைக் கேளுங்கள்; சாபத்தை விட்டுவிடுங்கள்.

அண்டை அயலார் செய்தி சுமக்காதீர்கள். "அங்கே இப்படிச் சொன்னார்களாம்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம், வண்டி செய்யாத சேதத்தைச் செய்துவிடும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் விபத்து விளைவித்தால் பெற்றோருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கிறது. தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள். பின்னால் ஏறுபவரும் ஒரு தாயின் பிள்ளை. இன்று மாலை, வண்டியின் காப்பீட்டுத் தாளை எடுத்து, அது பின்னிருக்கைக்கும் பொறுப்பேற்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது செலுத்தும் கூடுதல் தொகை, உங்கள் நண்பரின் குடும்பத்துக்கு நீங்கள் செலுத்தும் மரியாதை.

விபத்தைத் தடுப்பது முழுவதும் நம் கையில் இல்லை. விபத்துக்குப் பின் உண்மை பேசுவதும், வாசலுக்குச் செல்வதும், சுமையைப் பங்கிடுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. அந்த நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.